253 பெட்டிகளும் ஒரு கைப்பையும்
(சங்கத்தின் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மெல்பேர்ணுக்கு வந்து இத்தனை வருசமாகியும் கோயிலையும் டொக்டரையும் தவிர அம்மா ஓரிடமும் பார்க்கவில்லை எண்டு என் மனைவிக்குக் குறை. அதனால் பள்ளி விடுமுறையில் ஒருநாள் குடும்பமாக வெளிக்கிட்டோம். காலையில் பூ, பின்னேரம் ராட்டினம். புட்டுப் பார்சல், சுடுதண்ணிப் போத்தல், குடை, இவற்றோடு அம்மாவின் கறுத்தக் கைப்பை.

முதலில் ஃபிற்ஸ்ரோய் பூங்கா. அங்கே 1930இல் திறந்த கண்ணாடிப் பூவீடு ஒன்று இருக்கிறது. உள்ளே போகக் காசில்லை எண்டதும் அம்மாவின் முகம் தெளிந்தது. பருவத்துக்குப் பருவம் பூக்களை மாற்றி வைப்பார்கள். நாங்கள் போனபோது பிகோனியா.

"இதுக்கோ இவ்வளவு பெரிய கண்ணாடி வீடு? எங்கட விறாந்தையில பழைய மா ரின்னுக்குள்ளயெல்லோ இது பூத்தது!" எண்டா. சொல்லிக்கொண்டே ஒரு கொப்பில் கை வைத்தா. பேத்திதான் பிடித்து இழுத்தாள்.

அதே பூங்காவில் கப்டன் குக்கின் பெற்றோருடைய வீடு. இங்கிலாந்தில் யோர்க்‌ஷயரில் இருந்ததை 1934இல் கல்லுக்கல்லாகக் கழற்றி, 253 பெட்டிகளிலும் 40 பீப்பாய்களிலும் அடைத்து, கப்பலில் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். சுவரில் படர்ந்த ஐவிக் கொடியிலும் ஒரு கிளை எடுத்து வந்தார்களாம். மகள் இதை வாசித்துச் சொல்ல, "கொடியையுமோ?" எண்டு மட்டும் கேட்டா அம்மா. 1990 ஆனியில் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டபோது எங்களிடம் இருந்தது இரண்டு பை. ஒன்று இந்தக் கைப்பை. உள்ளே வீட்டு உறுதி. படுக்கும்போதும் அது தலைமாட்டில்தான் இருக்கும்.

புட்டை முடித்துக்கொண்டு 96ஆம் இலக்க ட்ராமில் சென் கில்டாவுக்குப் போனோம். லூனா பார்க்கின் வாசல் பென்னாம்பெரிய வாய். அதுக்குள்ளால்தான் நுழைய வேண்டும். "சூரன்போர்ச் சூரன் மாதிரியெல்லோ!" எண்டு அம்மா குடையை நிமிர்த்திப் பிடித்தா.

அங்கே மரச் சட்டங்களில் ஓடும் ரயில் ஒன்று, 1912இலிருந்து ஓடுகிறது. பெட்டிகளுக்கு நடுவில் ஒராள் நிண்டபடி கையால் பிரேக் பிடித்துக்கொண்டு வருவார். "கொண்டக்டர் நிக்கிறான், அப்ப பயமில்லை. நானும் வாறன்" எண்டா அம்மா. நான் வாயடைத்துப் போனேன். ஆனால் பையோடு ஏற முடியாது எண்டு வாசலில் சொல்லிவிட்டார்கள்.

அம்மா பையைப் பார்த்தா. ரயிலைப் பார்த்தா. பின்னால் கியூவில் நிண்டவர்கள் எங்களைப் பார்த்தார்கள். கடைசியில் மனைவியின் கையில் கொடுத்து, "கீழ வையாதை பிள்ளை" எண்டு இரண்டு முறை சொல்லிவிட்டு ஏறினா.

முதல் இறக்கத்திலேயே நான் கண்ணை மூடினவன்தான். கத்தினேன் எண்டும் சொல்கிறார்கள்; அதற்குச் சாட்சி என் மகள் மட்டுமே. பக்கத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தா. "யாழ்தேவியும் இப்பிடித்தான்ரா ஆட்டும்!" எண்ட சத்தம் காற்றோடு கேட்டது. அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ வருசம்.

இறங்கியதும் நேரே மனைவியிடம் போய்ப் பையை வாங்கினா. சிப்பைத் திறந்து, உறுதியைத் தொட்டுப் பார்த்து, மூடினா. பிறகு பையைத் திரும்ப மனைவியிடமே நீட்டினா.

"இன்னொருக்கா ஏறுவமோ தம்பி?"

எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. பேத்தியை அனுப்பிவிட்டு வாங்கில் இருந்துவிட்டேன்.