வண்டிக்கும் ஒரு நோட்டு போடுவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கடன் குழுவின் சார்பில் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



முன்பெல்லாம் நம்ம குழுக்களில் கடன் என்றால் கறவை மாடு, ஆடு, தையல் மிஷின், பெட்டிக்கடை என்றுதான் கேட்பார்கள். இப்போது வாடகைக் கார், வேன், லோடு வண்டி என்றும் கேட்கிறார்கள். நல்ல விஷயம்தான். வீட்டுக்காரரோ மகனோ சொந்த வண்டி ஓட்டினால் நாலு காசு மிஞ்சும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மாட்டுக்கடன் வாங்கியவர் மாட்டுக்குத் தீவனம் வைத்தோமா, தண்ணி காட்டினோமா, மடி வீங்கியிருக்கா என்று தினமும் பார்க்கிறார். கார் கடன் வாங்கியவரிடம் ஆயில் எப்போ மாத்தினீங்க என்று கேட்டால், "அது அவருக்குத்தான் தெரியும்" என்கிறார்.

ஓட்டுவது அவர்தான். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்து யாருடையது? நம்முடையது. தவணை நின்றால் குழுவில் தலைகுனிந்து உட்காருவது யார்? நாம்தான். அதனால் வண்டி ஓட்டத் தெரியாவிட்டாலும் வண்டிச் செலவு நமக்குத் தெரிய வேண்டும். இன்றைக்கு அதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

சின்ன ஓட்டை, பெரிய செலவு

நம்ம உறுப்பினர் ஒருவர் வீட்டு வாடகைக் காரில் நடந்ததைச் சொல்கிறோம். இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் போகும் ரப்பர் ஓஸில் சின்னக் கசிவு. ஓஸை மாற்ற ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தினமும் போர் தண்ணியை ஊற்றியே ஓட்டினார்கள். ஒருநாள் சவாரியோடு போகும்போது சூடு காட்டும் முள் மேலே ஏறியது. கல்யாண வீட்டு ஆட்கள் அவசரப்படுத்தியதால் நிறுத்தாமல் போனார்கள். ஹெட் கேஸ்கட் போய்விட்டது, சூட்டில் இன்ஜின் ஹெட்டும் வளைந்துவிட்டது. வண்டி மூன்று வாரம் பட்டறையில் கிடந்தது. வைகாசி முகூர்த்தச் சவாரி எல்லாம் போச்சு. இரண்டு தவணை நின்றது. அந்தப் பணம் நம்ம எல்லோருடைய சேமிப்பும்தானே!

சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது பல ஆயிரத்துக்குப் போவது இப்படித்தான். பிரேக்கும் அப்படியே. பிரேக் பேட் தேய்ந்தால் 'கிறீச்' என்று சத்தம் கொடுக்கும். அப்போதே மாற்றினால் பேடோடு போகும். விட்டுவிட்டால் இரும்போடு இரும்பு உரசி டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

வாரம் ஒருநாள் பத்து நிமிஷம்

இதற்கு மெக்கானிக் தேவையில்லை. வண்டியை எடுக்கும் முன் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, வீட்டில் யாரும் பார்க்கலாம்.

1. ஆயில்: சமதரையில் வண்டியை நிறுத்தி, ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் ஆயில் இருக்க வேண்டும். குறைந்தாலும் கெடுதல், அளவுக்கு மேல் ஊற்றினாலும் கெடுதல்.

2. கூலண்ட்: பிளாஸ்டிக் தொட்டியில் மேல் கோடு, கீழ்க் கோடு இருக்கும். அளவு கீழ்க் கோட்டுக்குப் போகக்கூடாது. அடிக்கடி குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். போர் தண்ணியில் உப்பு படியும், ரேடியேட்டர் அடைக்கும். கூலண்டே ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

3. டயர்: எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவு ஓரத்தில் ஸ்டிக்கரில் இருக்கும், இல்லையென்றால் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். காற்று குறைந்தால் டயரின் இரண்டு ஓரமும் தேயும், எண்ணெயும் அதிகம் குடிக்கும். கூடினால் நடுப்பகுதி தேயும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்கணும். ஸ்டெப்னிக்கும் காற்று பார்க்க மறக்காதீர்கள்.

4. பேட்டரி: முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி சுத்தம் செய்யுங்கள். தண்ணி ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணி ஆகாது.

5. தரை: ராத்திரி வண்டி நின்ற இடத்தில் சொட்டு இருக்கிறதா பாருங்கள். ஏ.சி. போட்டு வந்தால் வெறும் தண்ணி சொட்டும், பயம் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உடனே காட்டுங்கள்.

புத்தகம் சொல்வதைக் கேளுங்கள்

வண்டி வாங்கும்போது கம்பெனி ஒரு புத்தகம் கொடுக்கும். பல வீட்டில் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. நமக்குப் புரியாவிட்டால் படிக்கிற பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். எதை எத்தனை கிலோமீட்டரில் மாற்றணும் என்று அதில் பட்டியலே இருக்கிறது.

பல கார்களுக்கு இன்ஜின் ஆயில் 10,000 கிலோமீட்டர் அல்லது 1 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது. தூசி ரோட்டிலும் வாடகைக்கும் ஓடும் வண்டிக்கு அதைவிட சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும், அதையும் புத்தகத்தில் தனியாகப் போட்டிருப்பார்கள். ஆயில் மாற்றும்போது ஆயில் பில்டரையும் மாற்ற வேண்டும். நம்ம மண்ரோட்டில் ஏர் பில்டர் சீக்கிரம் அடைக்கும், வண்டி இழுக்காது. சில இன்ஜினில் டைமிங் பெல்ட் இருக்கும். சொன்ன கிலோமீட்டரில் மாற்றாமல் அது அறுந்தால் இன்ஜினே செலவு வைத்துவிடும்.

புத்தகத்தால் இன்னொரு லாபமும் உண்டு. தேவையில்லாத வேலையைத் தலையில் கட்டினால், "இது புத்தகத்தில் எத்தனை கிலோமீட்டருக்குப் போட்டிருக்கு?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி செலவு நின்றுவிடும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

நல்ல மெக்கானிக் நமக்கு வைத்தியர் மாதிரி. அவரோடு சண்டை போடச் சொல்லவில்லை. கேட்பதைக் கேட்டு வாங்கச் சொல்கிறோம்.

வேலை தொடங்கும் முன், பார்ட்ஸுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடக்கூடாது. இடையில் வேறு பழுது தெரிந்தால் போன் செய்து கேட்ட பிறகே செய்யச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பார்ட்ஸைத் திரும்ப வாங்குங்கள். புதுசு வந்த அட்டைப் பெட்டியில் விலையைப் பாருங்கள்.

பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். முன்பு பலவற்றுக்கு 28 சதவீதம் இருந்தது. பில் கையில் இருந்தால்தான் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியும். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறைகேடான வணிக நடவடிக்கை. சொந்தப் பிழைப்புக்காக வாங்கி ஓட்டும் வண்டிக்கும் இந்தச் சட்டம் துணை நிற்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பேப்பர் தேதியும் செலவுதான்

இன்சூரன்ஸ், புகைச் சான்று, வாடகை வண்டி என்றால் எப்.சி., இந்தத் தேதிகளை காலண்டரில் குறித்து வையுங்கள். எப்.சி. 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் வருஷாவருஷம். முழு இன்சூரன்ஸில் கிளெய்ம் எடுக்காத வருஷத்துக்கு, நம்ம வண்டி சேதத்துக்கான பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. முதல் வருஷம் 20 சதவீதம், தொடர்ந்து 5 வருஷம் எடுக்காவிட்டால் 50 சதவீதம் வரை போகும். அதனால் சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போடும் முன் கணக்குப் பாருங்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்ந்த தள்ளுபடி போய்விடும்.

எதில் சிக்கனம் கூடாது?

சகோதரிகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். பிரேக், டயர், ஸ்டீயரிங் மூன்றிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படி ஓட்டக்கூடாது. மழை ரோட்டில் மொட்டை டயர் பிடிக்காது. அதில் மிச்சமாகும் பணம் ஒரு உயிருக்கு ஈடாகுமா? போலி ஆயிலும் போலி பிரேக் பேடும் விலை குறைவாகக் கிடைக்கும். வேண்டவே வேண்டாம்.

நோட்டும் உண்டியலும்

குழுவுக்கு ரொக்கப் புத்தகம், தீர்மானப் புத்தகம் வைத்திருக்கிறோம். வண்டிக்கும் ஒரு 40 பக்க நோட்டு போடுவோம். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த பணம் என்று நாலு கட்டம் போதும். பில்லை அதிலேயே ஒட்டுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போதும் அந்த நோட்டைக் காட்டினால் நல்ல விலை கேட்கலாம்.

அடுத்தது உண்டியல். வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1 ரூபாய் எடுத்து வையுங்கள். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடினால் 2,000 ரூபாய், வருஷத்தில் 24,000 ரூபாய். ஆயில் சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாம் அதிலிருந்து வரும். அவசரத்துக்குக் கந்துவட்டிக்காரரைத் தேட வேண்டியதில்லை, தவணைப் பணத்திலும் கை வைக்க வேண்டியதில்லை.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று சிலர் தயங்கலாம். "உங்க மேல நம்பிக்கை இல்லாம கேட்கல, கடன் என் பேர்ல இருக்கு, கணக்கு நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வண்டி ஓட்டுகிறவருக்கும் பாரம் குறையும்.

வண்டிக்கடன் உள்ள உறுப்பினர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது கடன் அட்டையோடு இந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். ஊக்குநர்கள் இதைக் குழுவில் வாசித்துக் காட்டி, தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள்.