வெயிலும் வீட்டுத் தோட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிளகாய்ச் செய்கையில் ஈடுபட்டோர் நாற்றுமேடையைப் பேணும் முறை நேயர்கள் பலரும் அறிந்ததே. விதை தூவிய மேடையின்மேல் வைக்கோலைப் பரப்புவார்கள். முளை தலைகாட்டியதும் வைக்கோலை நீக்கி, நான்கு கம்பு நட்டு, கிடுகினாலோ தென்னோலையினாலோ தாழ்வாகப் பந்தலிடுவார்கள். நாற்று வலுப்பெறப் பெற, அந்தப் பந்தலை நாளுக்குச் சிறிது நேரம் திறந்துவிட்டு, இளஞ்செடியை வெயிலுக்குப் பழக்குவார்கள். பிடுங்கி நடுவதும் பொழுது சாய்ந்த பின்னரே. உச்சி வேளையில் நட்ட நாற்றுத் தலைசாய்ந்துவிடும் என்பதை எந்த விவசாயப் போதனாசிரியரும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

இத்துணைக் கருத்தோடு செடிக்கு நிழல் தேடும் அதே மனிதர், அந்தப் பந்தலின் அருகிலேயே, கழுத்தும் முதுகும் வெயிலுக்குத் திறந்து கிடக்க, குனிந்தபடி மூன்று மணி நேரம் களை பிடுங்குகிறார். கேட்டால், “பழகின வெயில்தானே” என்பார். கறுத்த தோலை வெயில் என்ன செய்யும் என்றும் சொல்லுவார். இவ்விரு சொல்லிலும் ஓரளவு உண்மை உண்டு. அந்த ஓரளவு உண்மையே அவரை ஏமாற்றுகிறது.

வெயிலின் கடுமையை மனிதர் உடம்பிற் படும் சூட்டைக்கொண்டு அளக்கிறார்கள். சூடும் தோலைத் தாக்கும் கதிரும் ஒன்றல்ல என்பது இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே வெளிப்பட்டுவிட்டது. 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானநூலறிஞர் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியினூடாகச் செலுத்தி, பிரிந்து வீழ்ந்த நிறங்களில் வெப்பமானிகளை வைத்துப் பார்த்தார். செந்நிறத்துக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானி மற்றையவற்றிலும் கூடிய சூட்டைக் காட்டியது. அடுத்த ஆண்டு, 1801இல், ஜேர்மனியின் யேனா நகரில் யோகான் ரிற்றர் என்பவர் அந்த நிறப்பட்டையின் மறு ஓரத்தை ஆராய்ந்தார். வெள்ளிக் குளோரைட்டுத் தடவிய தாளை ஊதா நிறத்துக்கு அப்பாலுள்ள இருளில் வைத்தபொழுது, அது வேறெங்கும் கறுத்ததிலும் விரைவாக அங்கே கறுத்தது. வெப்பமானியை உயர்த்தும் கதிர் ஒரு கரையில். தாளைக் கறுக்கச் செய்யும் கதிர் மறு கரையில். தோலைக் கருக்குவது பின்னையதாகிய புறவூதாக் கதிரே. அதைக் கண் காணாது. உடம்பு சூடென்று உணரவும் மாட்டாது.

இதனால் விளையும் மயக்கம் பெரிது. புறவூதாக் கதிராலுண்டாகும் தோற்சிவப்பும் எரிவும் உடனே தோன்றுவதில்லை. சில மணி நேரங் கழித்தே தொடங்கி, அரை நாளுக்கும் ஒரு நாளுக்கும் இடையில் உச்சமடையும். பகலில் தோட்டத்தில் நின்றவர் இரவில் பாயிற் படுக்கும்பொழுதுதான் முதுகு காந்துவதை அறிகிறார். அப்பொழுது வெயிலும் இல்லை; அதைக் குற்றஞ் சொல்ல அவருக்குத் தோன்றுவதும் இல்லை.

சோழகம் வீசும் மாதங்களை எண்ணிப் பார்க்கலாம். காற்று வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விக்கிறது. சித்திரைப் புழுக்கத்தில் பத்து மணிக்கே நிழலை நாடியவர், ஆவணியில் நண்பகல் கடந்தும் பாத்தி கட்டுகிறார். ஆனால் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இருமுறை: சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களில் ஒருமுறை, ஓகஸ்ட் மாதக் கடைசியில் மறுமுறை. காற்று தணித்தது சூட்டை மட்டுமே. முகிலும் அத்தகையதே. மெல்லிய முகிலூடாகப் புறவூதாக் கதிரில் நூற்றுக்கு எண்பது பங்கு வரையில் இறங்கிவிடக் கூடும். கடலோர ஊர்களின் வெண்மணல் வேறு, தன்மேல் விழுந்ததில் நூற்றுக்குப் பதினைந்து பங்களவைக் கீழிருந்து முகத்துக்கே திருப்பி அனுப்புகிறது.

இதற்கும் மேலான சான்று நுவரெலியா. கடல்மட்டத்துக்கு 1868 மீற்றர் உயரத்திலுள்ள அந்த ஊரில் கோவாவும் கரட்டும் லீக்ஸும் பயிரிடுவோர் கம்பளிச் சட்டையுடன் காலையில் தோட்டத்துக்குப் போகிறார்கள். அங்கே வெயிலைப் பற்றிப் பேசுவதே வேடிக்கையாகத் தோன்றும். எனினும் ஆயிரம் மீற்றர் உயரத்துக்குப் புறவூதாக் கதிர் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்து வீதம் கூடுகிறது. மூடுபனி விலகிய நண்பகலில் நுவரெலியா மரக்கறித் தோட்டத்தில் நிற்பவரின் முகத்தில், அதே வானிலையுள்ள கரையோரத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுதியாக அது படுகிறது. குளிருக்காகத் தலைத்துணி இட்டு, உடம்பை மூடிக் கொழுந்து பறிக்கும் மலையகப் பெண்கள் தம்மை அறியாமலே நல்ல காப்பொன்றைச் செய்துகொள்கிறார்கள். முகமும் புறங்கையுந்தான் அவர்களுக்குத் திறந்தவை, கருமையேறுவதும் அங்கேதான்.

அப்படியாயின் எதைக்கொண்டு அளப்பது? உலக சுகாதார நிறுவனம் புறவூதாக் கதிருக்கென ஒரு சுட்டெண் வகுத்திருக்கிறது. அது மூன்றை எட்டினால் காப்பு வேண்டும். பதினொன்றும் அதற்கு மேலும் மிகக் கடுமையானது. இலங்கை போன்ற நாடுகளில், சூரியன் உச்சியில் நிற்பதாலும், மேல்வானத்து ஓசோன் படை இங்கு இயல்பாகவே மெல்லியதாக இருப்பதாலும், தெளிந்த நண்பகலில் அது பதினொன்றைத் தாண்டுவது வழக்கம். ஆயினும் தோட்டத்தில் நிற்பவருக்குச் சுட்டெண்ணிலும் எளிய கருவி அவருடைய காலடியிலேயே கிடக்கிறது. தம் நிழல் தம் உயரத்திலும் குறுகியிருந்தால், சூரியன் வானில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது என்பது பொருள். அந்த நேரமே தோலுக்கு ஆகாத நேரம். சித்திரை மாத யாழ்ப்பாணத்தில் இது காலை ஒன்பது மணி கடந்து சிறிது நேரத்தில் தொடங்கி, பிற்பகல் மூன்று மணி கடந்தே முடிகிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் இந்த வேளை சுருங்குகிறது. ஆனாலும் நண்பகல் நிழல் அப்பொழுதும் ஆளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான்.

துலா மிதித்துப் பட்டையால் தண்ணீர் இறைத்த காலத்தில் இந்தக் கணக்கு ஒழுங்காக நடந்தது என்றே சொல்ல வேண்டும். விடியற்புறத்திலேயே இறைப்புத் தொடங்கிவிடும். துலாவில் ஏறி நடப்பவரும், பட்டை பிடிப்பவரும், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுபவரும் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கவே முயல்வார்கள். தோலைக் காக்க எண்ணி அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. உடல் இளைப்பைக் குறைக்கவும், தண்ணீர் வீணே ஆவியாகாதிருக்கவும் செய்தார்கள். பயன் என்னவோ தோலுக்கும் கிடைத்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின், விசையைத் தட்டினால் எந்நேரமும் தண்ணீர். கந்தோருக்குப் போய் வருவோர் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்குத் தோட்டத்தில் இறங்கி இரண்டு மணிக்கு ஏறுகிறார்கள். வாரம் முழுவதும் கூரையின் கீழிருந்த தோல், நாற்றுமேடைப் பந்தலை ஒரே நாளிற் பிடுங்கியெறிந்தாற்போல, உச்சி வெயிலை எதிர்கொள்கிறது.

இனிக் கறுத்த தோலைப் பற்றி. தோலுக்கு நிறந்தரும் மெலனின் என்னும் பொருள் மெய்யாகவே ஒரு குடை. வெறுந்தோல் சிவப்பதற்கு எடுக்கும் நேரத்தை எத்தனை மடங்கு நீட்டுகிறது என்ற அளவில், மிகக் கறுத்த தோலின் காப்பு ஏறத்தாழ 13 என்றும், வெள்ளைத் தோலினது ஏறத்தாழ 3 என்றும் ஆய்வாளர் கணித்துள்ளனர். வெயிலால் வரும் தோற் புற்றுநோய் தமிழரிடையே அரிதாயிருப்பதற்கு இதுவே காரணம். அரிது என்பது இல்லை என்பதன்று. ஆறாத புண்ணோ, வளர்ந்து நிறம் மாறும் மறுவோ யாருக்கு வந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டியதே. பெரும்பாலோர் காண்பது வேறு: கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு, காலத்துக்கு முந்திய சுருக்கம், தடித்துத் தோலாடை போர்த்தாற்போன்ற பிடரி. பிறவியிலேயே நிறப்பொருளின்றி வெள்ளைத் தோலோடும் வெள்ளை முடியோடும் பிறந்தோர்க்கு அந்தக் குடை அறவே இல்லை. வெண்புள்ளி விழுந்த இடங்களும் காப்பற்றவையே. இத்தகைய பிள்ளைகளை உச்சி வேளையில் தோட்ட வேலைக்கு ஏவுவது தவறு.

மெலனின் கண்ணுக்குக் குடை பிடிப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் வெளியில் உழைப்போரின் கண்ணில், வெண்விழியிலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாக ஒரு சதை வளர்வதைப் பலர் கண்டிருப்பார்கள். கதிரோடு காற்றும் தூசியும் சேர்ந்து விளைப்பது அது. கண்ணில் வெண்படலம் முந்தி விழுவதற்கும் புறவூதாக் கதிர் ஒரு காரணம். அகன்ற விளிம்புத் தொப்பியொன்று கண்ணுக்கு வரும் கதிரைப் பெரிதும் குறைக்கும்.

தோட்டத்திலேயே ஒளிந்திருக்கும் இன்னொரு தீங்கைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லலாம். களைத்தவர் மாமர நிழலில் இருந்து, மோரில் தேசிக்காயைப் பிழிந்து குடிக்கிறார். கையை வேட்டியில் துடைத்துவிட்டு மீண்டும் வெயிலில் இறங்குகிறார். அன்று ஒன்றுமில்லை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ, சாறு வழிந்த வழியெல்லாம் கோடு கோடாகத் தோல் சிவந்து எரிகிறது, கொப்புளமும் எழலாம். ஆறிய பின் கருங்கோடுகள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நிற்கும். ஏதோ பூச்சி ஊர்ந்ததென்று முடிவு கட்டுவார்கள். குற்றவாளி தேசிக்காய். அதன் சாற்றிலும், அதனினும் மிகுதியாகப் புறத்தோலிலும் உள்ள ஒரு வகைப் பொருள் புறவூதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுடுகிறது. சீமையத்தியின் பாலுக்கும் இதே குணம் உண்டு. சித்த வைத்தியர் வெண்புள்ளிக்குப் பயன்படுத்தும் கார்போகரிசியில் இருப்பதும் இந்த இனப் பொருளே. வைத்தியர் அளவறிந்து தோலைக் கறுப்பிக்கக் கையாளுவதை, தேசிக்காய் அளவறியாது செய்துவிடுகிறது. சவர்க்காரமிட்டுக் கையைக் கழுவிய பின் வெயிலுக்குப் போனால் போதும்.

எலிக்காய்ச்சலைத் தடுக்கவென வயல் வேலைக்குப் போவோருக்குச் சுகாதாரப் பகுதியினர் வழங்கும் டொக்சிசைக்ளின் மாத்திரையும் தோலை வெயிலுக்கு எளிதில் இரையாக்கும். இதற்காக மாத்திரையை நிறுத்திவிடலாகாது; எலிக்காய்ச்சல் உயிரைக் கொள்ளும் நோய். மாத்திரை எடுக்கும் நாட்களில் உடம்பை மூடிக்கொள்வதே முறை.

மூடுவதற்கு எது நல்லது? மெல்லிய வெள்ளைப் பெனியன் பலரும் எண்ணுமளவுக்குக் காப்பதில்லை. வியர்வையில் நனைந்துவிட்டால் இன்னும் குறையும். நெருங்கி நெய்த, சற்றே கருநிறமான, முழுக்கைப் பருத்திச் சட்டை நன்று. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அதன் தரம் தெரிந்துவிடும். தலைப்பாகை உச்சியைக் காக்குமேயன்றிக் காதையும் பிடரியையும் காவாது. துவாயின் ஒரு தலைப்பைப் பின்கழுத்தில் தொங்க விடலாம். பனையோலைத் தொப்பி மலிவானது, காற்றோட்டமுள்ளது. விளிம்பு மூன்று அங்குலத்துக்குக் குறையாமலும், பின்னல் இடைவெளியின்றியும் இருக்க வேண்டும். மருந்துச்சாலையில் விற்கும் வெயிற்காப்புக் களிம்பு பயனுள்ளதே. ஆனால் முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும். வியர்க்கும் வேலையில் இரண்டு மணிக்கொரு முறை மறுபடியும் பூச வேண்டும். அந்தச் செலவு எல்லார்க்கும் கட்டாது. துணியும் தொப்பியும் முதலில், துணி மூடாத இடத்துக்கே களிம்பு என்று கொள்வது சிக்கனமும் அறிவுடைமையும் ஆகும். தேங்காயெண்ணெயையும் சந்தனத்தையும் காப்பென்று நம்பியிருத்தல் தகாது.

நண்பகலில் வேலையே செய்யக்கூடாதென்றும் இல்லை. பாகற் பந்தலின் கீழே காய் பறிக்கலாம், தாவாரத்திலிருந்து விதை தெரியலாம், கிடுகு பின்னலாம். பிற்பகல் மூன்றரை மணியளவில் வேலியோரக் கதியாலின் நிழல் அதன் உயரத்தைத் தாண்டி நீளும். அப்பொழுது மண்வெட்டியை எடுக்கலாம். இன்னும் சற்றுப் பொழுது சாய, நாற்று நடுவதற்கும் நேரம் சரியாயிருக்கும்.