வாதக் கையும் மனப் பயிற்சியும்

(ஆரம்பாக்கத்தில் பேசியது)



பாரிசவாயு என்கின்ற பக்கவாதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம். ஒருவனுக்கு வாய் கோணி, நாக்குழறி, கை விழுந்துவிட்டால் நம் ஜனங்கள் முதலில் செய்வதென்ன? பேய் அறைந்தது என்பார் ஒருவர். சனி பிடித்தது என்பார் மற்றொருவர். மந்திரிக்கிறவனைக் கூட்டிவர ஆள் ஓடும். 108க்குச் சொல்ல ஆளிராது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டதற்குச் சனி என்ன செய்வான்? படமெடுத்துப் பார்த்து, அடைப்பேயானால், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். அந்த நேரம் வேப்பிலை அடிப்பதிலேயே கழிந்து போகிறது.

சரி, உயிர் தப்பியது, கை எழவில்லை. உடனே "தலைவிதி" என்று திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். கும்மிடிப்பூண்டி ஆலைக்குப் போய்வந்தவனுக்குக் கைதானே கூலி? பெண்ணாயிருந்தாலோ சோறூட்டவும் ஆளிருப்பதில்லை. அதைத் தனியே பேச வேண்டும்.

அந்தக் கைக்குச் செய்யும் பயிற்சிகளில் மனப் பயிற்சியும் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு, விழுந்த கையால் டம்ளரை எடுப்பதாக, விரல் விரிவதும், பிடிப்பதும், கனம் தெரிவதும், வாய்க்குக் கொண்டுபோவதுமாக, மனதிற்குள் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதுதான் அது. மெய்யாகக் கையை ஆட்டும்போது வேலை செய்யும் மூளைப் பாகங்களில் பல, இப்படி நினைக்கும்போதும் வேலை செய்கின்றன.

இதைக் கேட்டவுடன் சாமியார்கள், "பார்த்தீர்களா, தியான மகிமையை!" என்று கிளம்பிவிடுவார்கள். அவசரம் வேண்டாம். அமெரிக்காவில் பேஜ் என்பவரும் கூட்டாளிகளும் 2007ல் வெளியிட்ட சோதனையில் 32 பேர். எல்லோருக்கும் வாரம் 2 நாளாக 6 வாரம் கைப்பயிற்சி. அது முடிந்ததும் ஒரு சாரார் கையசைவை நினைத்தார்கள். மற்றவர்கள் கண்மூடி உடலைத் தளர்த்தி ஓய்ந்திருந்தார்கள். கை அதிகம் தேறியது நினைத்தவர்களுக்கே. சும்மா கண்மூடியிருந்ததில் அப்பலன் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 2020ல் 25 ஆராய்ச்சிகளை, 676 நோயாளிகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும், மற்றச் சிகிச்சையோடு இதையும் சேர்த்தால் கை வேலைத்திறன் கூடக்கூடும் என்றே கண்டார்கள். நினைத்தாலே போதும் என்று யாரும் சொல்லவில்லை. மூளையில் அடிபட்ட இடத்தைப் பொறுத்துச் சிலருக்கு நினைக்கவே வராது.

நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். இராமச்சந்திரன் சேர்ந்து செய்த ஒரு சோதனையும் உண்டு. நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இரு கைகளையும் அசைக்கச் சொல்லி, 9 பேரிடம் பார்த்து 1999ல் வெளியிட்டார்கள். கண்ணாடி என்ன விலை? தாயத்து என்ன விலை?

2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறைப் பயிற்சியை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். வந்தவரிடம் மனப் பயிற்சியையும் சொல்லித்தரக் கேளுங்கள். டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.