விண்ணப்பத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவ மாணவியர்க்கும் பெற்றோர்க்கும் நமது ஜமாஅத் கல்விக் குழு நடத்திய வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தேர்வு முடிவுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் நம் கல்விக் குழுவை நாடிப் பெற்றோர் வருகின்றனர். சென்ற முறை ஒரு தந்தை தம் மகனின் சான்றிதழ்க் கோப்பைக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டி, ஓவியம், அபாகஸ், கணினிப் பயிற்சி, தட்டச்சு என்று முப்பதுக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் அதில் இருந்தன. இத்தனையும் கண்ட பிறகு சாதிச் சான்றிதழைக் கேட்டோம். அதில் "முஸ்லிம்" என்று மட்டுமே இருந்தது. லெப்பை என்ற பிரிவின் பெயர் இல்லை. சேர்க்கைக்குத் தேவையற்றவை முப்பது இருந்தன; தேவையான ஒன்று பிழையாக இருந்தது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளை அந்தக் கோப்பே நமக்குத் தந்தது.

எந்த மதிப்பெண்ணை, எந்தச் சான்றை விண்ணப்பத்தில் சேர்ப்பது என்ற கேள்விக்குப் பொதுவான ஒரே விடை கிடையாது. எந்த வாசலைத் தட்டுகிறோமோ, அந்த வாசலின் விதியே விடை.

நம் மாநிலத்தில் இவ்விதி பலமுறை மாறியுள்ளது. முன்பு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண் இருந்தது. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடத்திற்கு அப்பாற்பட்ட சேவைகள், உடல் திறன், பொதுத் திறமை, நாட்டம் ஆகிய தலைப்புகளில் அம்மதிப்பெண் வழங்கப்பட வேண்டும். ஆனால் தலைப்பு வாரியாக இடாமல் மொத்தமாக இட்டுவிட்டார்கள் என்று வழக்கு எழுந்தது. அது தவறு என்று 1970-இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீக்கப்பட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படையானது. 2017 முதல் மருத்துவத்திற்கு நீட் வந்தது. ஆகவே அண்ணனுக்குப் பொருந்திய ஆலோசனை தம்பிக்குப் பொருந்தாமல் போகலாம். அந்தந்த ஆண்டின் கையேட்டைப் படிப்பது கட்டாயம்.

இன்றைய நிலையில் பொறியியல் சேர்க்கைக்கு 600-க்கு எத்தனை என்பது தரவரிசையின் அடிப்படை அன்று. கணிதம் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கும் குறைக்கப்பட்டு 200-க்குக் கணக்கிடப்படும். கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 பெற்றவருக்கு 92, 42, 44 சேர்ந்து 178 ஆகும். கணிதத்தில் 78 பெற்று மற்ற இரண்டிலும் 90 பெற்றவருக்கு 168 தான். தமிழிலும் ஆங்கிலத்திலும் எவ்வளவு உயர்ந்து மொத்தத்தில் முந்தினாலும் இந்த இடைவெளி குறையாது. இருவர் சமமானால் முதலில் கணிதமும், பிறகு இயற்பியலும் பார்க்கப்படும்.

வேளாண்மைக்கு உயிரியலும் சேர்ந்து நான்கு பாடங்கள் தலா 50-க்குக் கணக்காகும். நம் ஊரிலேயே நூற்றாண்டைக் கடந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. கரிசல் மண்ணில் பிறந்த பிள்ளைகள் அத்துறையை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று இவ்விடத்தில் கூறிவைக்கிறோம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடம் நீங்கலான நான்கு பாடங்களின் மதிப்பெண் முதன்மை பெறும். தமிழ், ஆங்கில இலக்கியத்திற்கு அந்தந்த மொழி மதிப்பெண் பார்க்கப்படும். மருத்துவத்திற்கு 720-க்கான நீட் மதிப்பெண்ணே தரவரிசை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் தகுதிக்கு மட்டுமே. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை இருமுறை எழுதினால் சிறந்ததையே கணக்கில் கொள்வர். எனவே முதல் முறை சறுக்கியதென்று அஞ்ச வேண்டியதில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் கியூட் தேர்வு நடைமுறையில் உள்ளது.

இனி, மதிப்பெண்ணுக்கு அப்பால் உண்மையிலேயே பயன் தரும் சான்றுகளைக் காண்போம்.

முதலாவது, சாதிச் சான்று. 2007-இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு கிடைத்தது. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்னி, துதேகுலா, மாப்பிள்ளா, அன்சார், ஷேக், சையது ஆகிய பிரிவுகள் இதில் அடங்கும். பிரிவின் பெயர் சான்றில் தெளிவாக இருத்தல் வேண்டும். மத்திய அரசு நிறுவனங்களுக்கு இச்சான்று மட்டும் போதாது. அங்கே 27 விழுக்காட்டு ஒதுக்கீட்டிற்கு, வளமான பிரிவினர் அல்லர் எனக் குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றை அதற்குரிய படிவத்தில், கேட்கப்படும் காலத்திற்குள் பெற்றிருக்க வேண்டும். நீட் அகில இந்திய இடங்களுக்கும் இதுவே பொருந்தும்.

இரண்டாவது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. இதற்கு 2020-இல் மருத்துவத்திலும், 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வியிலும் 7.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் இவ்வுரிமை போய்விடும். பிள்ளையை மாற்றும் முன் பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

மூன்றாவது, முதல் பட்டதாரிச் சான்று. இது கல்விக் கட்டணச் சலுகைக்கு உரியது. வீட்டில் அண்ணனோ அக்காவோ பட்டதாரியாகிவிட்டால் இளையவருக்குக் கிடைக்காது.

நான்காவது, விளையாட்டு. ஹாக்கிக்குப் பெயர் பெற்ற ஊர் நம்முடையது. இம்மண்ணின் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார். பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்க்கெனத் தனி இடங்கள் உண்டு. ஆனால் மைதானத்தில் ஆடினேன் என்ற சொல் போதாது. அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் பங்கேற்று, உரிய படிவத்தில், உரிய அமைப்பின் கையொப்பத்துடன் சான்று பெற்றிருக்க வேண்டும். கோப்பையை வீட்டில் வைத்துவிட்டுப் படிவத்தை வாங்க மறந்த பிள்ளைகளைக் கண்டு நாம் வருந்தியதுண்டு.

அப்படியானால் அந்த முப்பது சான்றிதழ்களும் வீணா? இல்லை. அவை பிள்ளையின் திறனை வளர்த்தன. பின்னாளில் வேலைக்கு உதவக்கூடும். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் அவற்றுக்கு மதிப்பெண் இல்லை, அவ்வளவே. சேர்க்கைக்கு உதவும் என்று யாரேனும் ஆசை காட்டிக் கட்டணம் கேட்டால் கொடுத்து ஏமாற வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.

வெளிநாட்டு வாசல் வேறுவகை. அமெரிக்காவில் சாட் தேர்வு 1600-க்கு நடைபெறுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் இதை விருப்பத்திற்கு விட்டன. எம்.ஐ.டி. 2022-இல் மீண்டும் கட்டாயமாக்கியது. ஹார்வர்டு 2024-இல் அவ்வாறே அறிவித்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகமோ அம்மதிப்பெண்ணைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை. விருப்பத்திற்கு விடும் இடங்களில், அக்கல்லூரி வெளியிடும் மதிப்பெண் வரம்போடு ஒப்பிட்டு, அதற்குள் இருந்தால் அனுப்பலாம். மிகவும் தாழ்ந்திருந்தால் விட்டுவிடலாம். அங்குள்ள பொது விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகளுக்கே இடம் உண்டு. தந்தையின் கடையில் கணக்கு எழுதியதையும், தம்பி தங்கையரைக் கவனித்ததையும் அதில் எழுதலாம். தீப்பெட்டி ஆலைக்கும் கடலைமிட்டாய்க் கடைக்கும் போய் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் வீட்டுப் பொறுப்பைச் சுமந்ததை எண்ணி வெட்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று செயல்களில் ஆண்டுக்கணக்காக ஈடுபட்டிருந்தால், அதுவே இருபது போட்டிகளில் தலைகாட்டியதைவிட மேலானது.

நிறைவாக ஒன்று. ஒரு பெற்றோர், தம் மகன் ஜமாஅத்தின் சமூகப் பணிகளில் ஈராண்டு ஈடுபட்டதாகக் கடிதம் கேட்டார். அப்பிள்ளை ஒரு நாளும் வந்ததில்லை. "ஒரு கடிதம்தானே, யாருக்கு என்ன நட்டம்?" என்றார். நாம் மறுத்துவிட்டோம். அவர் மனம் வருந்தியது நமக்கும் வருத்தமே. ஆனால் கையொப்பம் என்பது சாட்சியம். பொய்ச் சாட்சியத்தின் மீது பிள்ளையின் கல்விக்கு அடித்தளம் இடலாகாது. நாம் ஒருமுறை பொய் எழுதினால், உண்மையாகப் பணி செய்த அடுத்த பிள்ளையின் கடிதத்தையும் எவரும் நம்பார். அந்தப் பெற்றோரிடம், மகனை இனியேனும் அனுப்புங்கள் என்றோம். அவன் வந்தான். இவ்வாண்டு கோடை வகுப்பில் சிறுவர்க்குக் கணக்குக் கற்றுக்கொடுத்தான். இப்போது அவன் கேட்டால் மகிழ்வோடு எழுதித் தருவோம்.

முதலில் சொன்ன மாணவரின் சாதிச் சான்றும் திருத்தப்பட்டு, கலந்தாய்வுக்கு முன் கைக்கு வந்தது, அல்ஹம்துலில்லாஹ். எல்லோருக்கும் அவ்வாறு நேரம் வாய்க்காது. ஆகவே பதினொன்றாம் வகுப்பிலேயே சான்றிதழ்களைச் சரிபாருங்கள். பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் இஷா தொழுகைக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்திற்கு வாருங்கள். கல்விக் குழுவினர் உடனிருந்து உதவுவர், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் உழைப்புக்கு உரிய பலன் கிட்ட வல்ல இறைவன் அருள்புரிவானாக. வஸ்ஸலாம்.