ஓவியச் சந்தையில் உழைப்பின் பங்கு



ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் பாய்ந்து நிற்கும் கற்குதிரைகளை நாம் பார்த்திருக்கிறோம். செதுக்கிய சிற்பியின் பெயரை யாரும் நமக்குச் சொன்னதில்லை. இன்று ஓவியனுக்குப் பெயர் இருக்கிறது. பெயரை வைத்தே விலையும் ஏறுகிறது. ஏறுகிற பணம் யார் மடியில் விழுகிறது?

நம் திருச்சி ஜில்லாவில் 1938-ல் பிறந்தவர் ஆதிமூலம். கி.ராஜநாராயணன் எழுத்துக்கு அவர் போட்ட கோட்டோவியங்களை டீக்கடைப் பத்திரிகையிலேயே கண்டு மகிழ்ந்தோம். 2008 ஜனவரியில் அவர் மறைந்தார். அதே ஆண்டு டில்லியில், இன்று 'இந்தியா ஆர்ட் ஃபேர்' என வழங்கும் சர்வதேச ஓவியச் சந்தை தொடங்கியது. கடை விரிப்பவை காலரிகள், வாங்குவோர் சீமான்கள். அறுப்புக் காலத்தில் நெல்லை மலிவாக வாங்கி, ஆடியில் ஏற்றி விற்கும் மண்டிக்காரரை நமக்குத் தெரியாதா? வாங்கிய படமும் அப்படித்தான் கைமாறுகிறது.

மறுவிற்பனையில் கலைஞனுக்குப் பங்கு என்று பிரான்சில் 1920-லேயே சட்டம் வந்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல்தான் சேர்த்தார்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிலை போனால் வரைந்தவருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டாம். ஆனால் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக் கூடாதாம்! குறைந்தபட்சம் எவ்வளவு? அதற்கு ஒரு வரியும் இல்லை. கூலிக்கு உச்சவரம்பு, லாபத்துக்கு வரம்பே கிடையாது! இந்தக் கணக்கு நம் மில் வாசலில் பார்த்த கணக்குத்தானே, தோழர்களே?

குறைந்தபட்சப் பங்கை நிர்ணயிக்கச் சொல்லி ஓவியர்கள் சங்கமாய்த் திரண்டால், நாம் அவர்கள் பக்கம் நிற்போம்.