கோள்கள் பிறந்தது விபத்தினாலா, நியதியினாலா?



பூமி முதலிய கோள்கள் எவ்வாறு தோன்றின என்பதற்கு விஞ்ஞானிகள் ஒரே விடையைக் கூறிவிடவில்லை. இரண்டு கொள்கைகள் நெடுங்காலம் மோதின. ஒன்று நியதியைச் சொன்னது. மற்றொன்று விபத்தைச் சொன்னது.

சுழன்று சுருங்கிய வாயு, தூசி முகிலிலிருந்தே சூரியனும் கோள்களும் ஒருங்கே பிறந்தன என்பது முதற்கொள்கை. 1755-ஆம் ஆண்டில் இதனை எழுதியவர் பிரஷ்ய நாட்டுக் காண்ட். அவருடைய தந்தையார் குதிரைகளுக்குத் தோல்வார் செய்து குடும்பம் நடத்தியவர் என்பதை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்வார்களாக. அந்நூல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது; பதிப்பாளர் நொடித்துப் போனமையால் பரவாமலும் போயிற்று. 1796-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் இதையொத்த கருத்தை வெளியிட்ட பின்னரே அது பெரும்புகழ் அடைந்தது.

ஆயினும் அதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. சூரிய மண்டலத்தின் மொத்தப் பொருண்மையில் 99.8 விழுக்காடு சூரியனிடமே உள்ளது. சுழற்சிக்குரிய கோண உந்தமோ 98 விழுக்காட்டிற்கு மேல் கோள்களிடம் உள்ளது. சுருங்கிய முகிலின் நடுவில் பிறந்த சூரியன் மிக விரைவாகச் சுழலவேண்டும் அன்றோ? அதுவோ ஒருமுறை சுழல ஏறத்தாழ 25 நாள் எடுத்துக்கொள்கிறது. இக்கணக்கிற்கு விடை கூற இயலாமல் முகிற்கொள்கை தளர்ந்தது.

அப்பொழுது விபத்துக் கொள்கை தலையெடுத்தது. வால்மீன் ஒன்று சூரியன்மீது மோதியதால் கோள்கள் பிறந்தன என்று 1749-லேயே பூஃபோன் கூறியிருந்தார். அமெரிக்கரான சேம்பர்லினும் மோல்ட்டனும் 1905-ஐ ஒட்டியும், ஆங்கிலேயரான ஜீன்ஸ் 1917-ஐ ஒட்டியும் வேறொன்று கூறினர். விண்மீன் ஒன்று சூரியனை நெருங்கிக் கடந்தபோது, அதன் ஈர்ப்பினால் பிதுங்கி எழுந்த பொருளே கோள்களாயிற்று என்றனர். அது மெய்யாயின் விளைவு பெரிது. விண்மீன்கள் அவ்வாறு நெருங்குவது மிகமிக அரிது; ஆகவே கோள்களும், அவற்றில் வாழும் உயிர்களும் அண்டத்தில் அரிதினும் அரிது என்றாகிவிடும். ஜீன்ஸ் பெரும்புகழ் பெற்றவராதலின், கற்றோர் பலரும் இதனை ஏற்றனர்.

1939-இல் அமெரிக்க இளைஞர் ஸ்பிட்சர் கணக்கிட்டுப் பார்த்தார். அவருக்கு அப்போது வயது 25. சூரியனின் உள்ளிருந்து பிடுங்கப்பட்ட வாயு கடும் வெப்பத்தால் விண்வெளியில் சிதறுமேயன்றித் திரண்டு கோளாகாது என்று காட்டினார். புகழ் பெரிதா, கணக்குப் பெரிதா என்ற வழக்கில் கணக்கே வென்றது!

முகிற்கொள்கை புதுவடிவில் மீண்டது. சூரியனின் காந்தப்புலமும், அதிலிருந்து வீசும் துகட்காற்றும் அதன் சுழற்சியைத் தளர்த்தின என்று அறிந்தபின் பழைய இடர்ப்பாடும் பெரிதும் தீர்ந்தது. தூசி ஒட்டித் துணுக்காகி, துணுக்குகள் மோதிச் சேர்ந்து கோளாகும் முறையைச் சோவியத் அறிஞர் சஃப்ரனோவ் 1969-இல் நூலாக விளக்கினார். கோள்கள் அரியன அல்ல என்பதும் புலனாயிற்று. 1995-இல் சூரியனையொத்த வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் கண்டறியப்பட்டது. 2022-க்குள் இவ்வாறான வெளிக்கோள்களின் எண்ணிக்கை 5,000-ஐத் தாண்டியது.

எனினும் வாதம் ஓயவில்லை. தூசி சிறுகச் சிறுகச் சேர்ந்தே வியாழன் போன்ற பெருங்கோள்கள் வளர்ந்தன என்பார் ஒருபுறம்; தட்டின் ஒரு பகுதி தன் ஈர்ப்பினாலேயே சட்டெனத் திரண்டது என்பார் மறுபுறம். 2014-இல் சிலி நாட்டு ஆல்மா தொலைநோக்கி, எச்.எல். டாரி என்னும் இளம் விண்மீனைச் சுற்றிய தூசித் தட்டில் வளையம் வளையமாக இடைவெளிகள் இருப்பதைப் படமெடுத்தது. அவற்றைக் கோள்களே உண்டாக்கியிருப்பின், பத்து இலட்சம் ஆண்டுக்கு மேற்படாத அவ்விண்மீனிடம் அவை இத்துணை விரைவில் எங்ஙனம் வளர்ந்தன என்ற வினா, இரு சாராரையும் எதிர்நோக்கி நிற்கின்றது.