காற்று திரும்பினால் கரையும் மாறும்



எருமப்பட்டி வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை நீச்சல் தெரியாத பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வடக்கே கொல்லிமலை நிற்கிறது. சுற்றிலும் நிலக்கடலை, மரவள்ளி, சின்ன வெங்காயம். கடல் எட்டாத தூரம். ஆனாலும் முதுகில் சுரைப்புருடையைக் கட்டி, பாறைக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கிய பூமி இது. மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, அடியிலிருந்து ஒரு பிடி சேறு அள்ளி வந்து காட்டினால்தான் ஆள் தேறினான் என்று பொருள்.

அப்படித் தேறியவர்களே தை அமாவாசைக்கோ ஆடி அமாவாசைக்கோ இராமேசுவரம் போனால் என்ன செய்கிறார்கள்? அக்கினி தீர்த்தத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கண்ணை இறுக மூடி, மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, இருபத்திரண்டு தீர்த்தங்களில் வாளித் தண்ணீர் வாங்கிக்கொள்ளக் கோயிலுக்கு விரைகிறார்கள். கடலுக்குள் தலை போயிற்று, கண் போகவில்லை. இன்றைய உரை, படகு இல்லாமல், காற்று உருளை இல்லாமல், கரையிலிருந்தே இறங்கி அந்தத் தீவின் கடலடியைப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக.

முதலில் உலகின் மறுகோடிக்கு ஒரு நடை போய் வரலாம். கரீபியன் கடலில், வெனிசுவேலாவுக்கு வடக்கே, பொனேர் என்றொரு சிறு தீவு உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்தது. கரையிலிருந்தே கடலுக்குள் முங்கிப் பார்ப்பதற்கு உலகிலேயே பெயர்போன இடம் அது. கடலோரச் சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனால், ஓரத்தில் மஞ்சள் பூசிய கற்கள் கிடக்கும். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி, முகக்கண்ணாடியை மாட்டி, அந்தக் கல்லுக்கு நேராக இறங்கிக் கொஞ்ச தூரம் நீந்தினால் பவளப்பாறை வந்துவிடும். ஓரிடத்துக்கு ‘ஆயிரம் படிகள்’ என்று பெயர். உண்மையில் நூறு படிகூட இல்லை. முதுகில் உருளையைச் சுமந்துகொண்டு திரும்ப மேலே ஏறுகிறவனுக்குத்தான் அது ஆயிரமாம். கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு நிஜமாகவே ஆயிரத்துக்கு மேல் படி இறங்கி ஏறியவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம்.

பொனேரில் அப்படி நிரந்தரமாகக் கல் நட முடிந்ததற்குக் காரணம் காற்று. அங்கே வருடத்தின் பெரும்பகுதி கீழ்க்காற்றுதான். கிழக்குக் கரையில் அலை மோதிக்கொண்டே இருக்கும். மேற்குக் கரை காற்றுக்கு மறைவில் அடங்கிக் கிடக்கும். ஆகவே இறங்கும் இடமெல்லாம் பெரும்பாலும் மேற்கில். அந்த ஊர்க்காரர்கள் புத்திசாலிகளும்கூட. 1979-லேயே தீவைச் சுற்றிய கடல் முழுவதையும் காப்பகமாக்கிவிட்டார்கள். கரையில் நீர் ஏறும் எல்லையிலிருந்து அறுபது மீட்டர் ஆழம்வரை அது போகிறது.

இராமேசுவரத்தில் இப்படி மஞ்சள் கல் நட்டால் ஆறு மாதத்தில் பிடுங்கி எதிர்க்கரையில் நட வேண்டியிருக்கும். இங்கே காற்று வருடத்துக்கு இரண்டு முறை புரண்டு படுக்கிறது. பாம்பன் தீவுக்கு வடக்கே பாக்கு நீரிணைக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று அடக்கம், மற்றது ஆவேசம் என்று ஊர் சுற்றிக்காட்டுகிறவர்கள் விளக்குவதும் உண்டு. பாதி வருடத்துக்குத்தான் அது சரி. வைகாசி பிறந்து புரட்டாசிவரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு அடங்கியிருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கி வாடை வலுத்தால் பெண்கடல் பேயாட்டம் ஆடும். அப்போது ஆண்கடல்தான் சாது. மாசி, பங்குனியில் இரண்டுமே ஓரளவு ஓய்ந்திருக்கும்.

பாம்பன் கரையில் பாசி காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், “இறங்கிப் பார்க்க எந்த இடம் நல்லதுங்க?” என்று நம் ஊர் மரியாதையில் கேட்டேன். “எடத்தக் கேக்காதீகண்ணே, காத்தக் கேளுங்க. கச்சான் அடிக்கிறப்ப தெக்க எறங்காதீக” என்றார். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இத்தனை சுருக்கமாக இது இல்லை.

அந்த அம்மாவைப் போன்ற பெண்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. சின்னப்பாலம் போன்ற மீனவக் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி முங்கிக் கடற்பாசி எடுப்பவர்கள் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி, காலில் செருப்பு, இடுப்பில் ஒரு பை. இவ்வளவுதான் கருவி. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று வகை பிரித்து எடுப்பார்கள். அகர் போன்ற பொருள்கள் செய்யும் ஆலைகளுக்கு அவை போகின்றன. பாசி முளைக்க அவகாசம் வேண்டும் என்று மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே கடலில் இறங்குவது, வருடத்தில் சில வாரங்கள் அடியோடு நிறுத்துவது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு போட்டுக்கொண்டார்கள். இந்தப் பெண்களுக்காக நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு அமெரிக்க அமைப்பொன்று தருவது அது. இந்தக் கடலைப் படித்தவர்கள் யார் என்றால், நான் முதலில் கைகாட்டுவது இவர்களை.

சரி, எங்கே இறங்கலாம்?

கச்சான் காலத்தில் வடகரைதான். மண்டபம் பக்கத்து முனைக்காடு தொடங்கி, பாம்பன் கால்வாயைத் தாண்டி, தங்கச்சிமடம் வழியாக இராமேசுவரம்வரை, கரைக்கு இணையாகப் பவளப்பாறை விட்டுவிட்டு ஓடுகிறது. பெரும்பாலும் கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள். ஆழம் இரண்டு ஆள்கூட இராது. இராமேசுவரம் ஊரை ஒட்டிச் சங்குமால், அதற்கு வடக்கே ஓலைக்குடா ஆகிய இரண்டும் இந்தப் பாறைக்கு அருகில் உள்ளவை. காலை எட்டு மணிக்குள் இறங்குவது நல்லது. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், அடிமண் கலங்கினால் கைநீட்டும் தூரம்கூடத் தெரியாது. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல், லேசில் கலங்கும். படத்தில் பார்க்கும் பளிங்கு நீலத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் வருவார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தெளிவான நாள் வாய்த்தால், அண்டா அண்டாவாக உருண்ட பவளத் திட்டுகளைப் பார்க்கலாம். அவற்றின் இடுக்கில் மஞ்சளும் கறுப்புமாக வண்ணாத்தி மீன். பவளத்தைக் கொறிக்கும் கிளிமீன். கிட்டப் போய்க் காது கொடுத்தால் கொறிக்கும் சத்தமே கேட்கும். பாறை இல்லாத இடங்களில் கடற்புல் வெளி. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். அதற்காகவே 2022-ல் பாக்கு நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அமைந்த முதல் காப்பகம். கரையோரத்தில் அது கண்ணில் படும் என்று நம்பிப் போகாதீர்கள், அது கூச்சமுள்ள பிராணி. வெளுத்துச் செத்த பவளமும் நிறையக் கண்ணில் படும். 2010-லும் 2016-லும் கோடையில் கடல்நீர் சூடேறியபோது இந்தப் பகுதிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. அதற்கு முன்பே சுண்ணாம்புக்கும் சுவருக்குமாக மனிதர்கள் வெட்டி எடுத்தது தனிக்கதை. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அது பவளக்கல்.

வாடைக் காலத்தில் தென்கரை. குந்துகாலில் விவேகானந்தர் நினைவு மண்டபம் இருக்கிறது. 1897 ஜனவரி 26 அன்று கடல்கடந்து திரும்பிய அவர் கரையிறங்கிய இடம். எதிரே குருசடைத் தீவு தெரியும். தண்ணீர் தெளிந்திருந்தாலும் இங்கே ஒரு கண்டிப்பு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பாறைகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் அந்தப் பக்கம் நீந்திப் போவது குற்றம். கரையோரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வனத்துறையிடமே கேட்டுப் போங்கள். முகக்கண்ணாடி புதிதென்றால், வடக்கே தொண்டிப் பக்கம் காரங்காட்டில் ஊர்க்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து படகில் அழைத்துப் போய்க் கடற்புல் காட்டுகிறார்கள். பழகிக்கொள்ள நல்ல இடம்.

இறங்கவே கூடாத இடம் தனுஷ்கோடியின் அரிச்சல்முனை. இரண்டு கடலும் கூடும் அழகைக் கரையில் நின்று பாருங்கள், போதும். நாலு எட்டில் மண் சரிந்து ஆழமாகிவிடும், நீவாடு என்னும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று மீனவருக்கே யோசனை வரும் இடம் அது.

கிணற்று நீச்சல்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கிணற்றில் எந்தச் சுவரைத் தொட்டாலும் கரைதான், படியும் நின்ற இடத்திலேயே நிற்கும். கடலில் நீங்கள் நகராமல் மிதந்தாலும் நீவாடு உங்களை நகர்த்தும். இறங்கும் முன் கரையில் ஒரு பனையையோ கோபுரத்தையோ குறி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலை தூக்கி அது எங்கே என்று பாருங்கள். முதலில் நீவாட்டுக்கு எதிராக நீந்துங்கள், களைத்த பிறகு அதுவே கொண்டுவந்து விடும். தனியாக இறங்காதீர்கள். நல்ல நீச்சல்காரரானாலும் மிதவைச் சட்டை போடுங்கள், வெட்கமில்லை. கால் ஊன்றும் இடத்தில் பாதத்தைத் தரையோடு தேய்த்து நடந்தால் மண்ணில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள்: அதற்கும் சேதம், உங்கள் காலுக்கும் சேதம். சொறி என்னும் இழுதுமீன் மிதந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம்.

எதையும் எடுத்து வராதீர்கள். பவளமும் கடல் அட்டையும் கடல்குதிரையும் புலியைப் போலவே வனவிலங்குச் சட்டத்தின் காவலில் இருப்பவை. உடைந்த துண்டுதானே என்று பையில் போட்டாலும் வழக்குத்தான்.

உப்புக் கரித்த வாய்க்கு நல்ல தண்ணீர் எங்கே என்று கேட்பீர்கள். தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தம் இருக்கிறது. கடலுக்குள் நடைபாலம் போட்டிருக்கிறார்கள், அதன் முனையில் ஒரு கிணறு. சுற்றிலும் உப்புக்கடல், உள்ளே நல்ல தண்ணீர். இராமர் வில்லை ஊன்றியதால் ஊறியது என்பது ஊர்க்கதை. அங்கே குளிக்க முடியாது, இறைத்து ஒரு வாய் குடிக்கலாம். கிணறு வெட்டிப் பழகிய நம் ஆட்கள் எட்டிப் பார்க்காமல் வர மாட்டார்கள்.

எருமப்பட்டியிலிருந்து போவதானால் திருச்சி, புதுக்கோட்டை, தேவகோட்டை, இராமநாதபுரம் என்று பேருந்து மாறிப் போகலாம். ரயில் வேண்டுமென்றால் பாம்பன் புதுப்பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் முழுக்கு முடிந்த மறுநாள் காலை ஓலைக்குடாப் பக்கம் போங்கள். தை அமாவாசைக்காரர்களுக்குத் தென்கரை. எதற்கும் முதல்நாள் சாயங்காலமே கரையில் வலை பிரிப்பவரிடம் நாளைக்குக் காற்று எப்படி என்று கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாமென்றால், கோயில் பிரகாரத்தை இன்னொரு முறை சுற்றிவிட்டு பஸ் ஏறுங்கள்.